சீல் வைத்த அதிரசம்

இந்த டப்பா உங்க முழங்கையில இடிக்குதாம்மா? மன்னிச்சுக்குங்க. மேலே பலகையில வைக்கச் சொல்லி கண்டக்டரும் சொல்லிப் பார்த்துட்டார். வைக்க முடியாது. பிரேக் போட்டா உருண்டு விழும். உள்ள இருக்கிறது சான்று. மூடியைச் சுத்திப் பேப்பர் ஒட்டிக் குறுக்கால கையெழுத்துப் போட்டிருக்கேன் பாருங்க. என் கையெழுத்துதான்.

பயப்படாதீங்க, ஒண்ணும் இல்ல. அதிரசம்.

சிரிங்க, பரவாயில்ல. எங்க தெருவுல எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு. நீங்க காலேஜ்ல படிக்கிற பொண்ணு மாதிரி தெரியுது, மடியில புஸ்தகம் இருக்கு, அதனால உங்ககிட்டச் சொல்லலாம். புதுக்கோட்டை வரைக்கும்தானே? நானும் அங்கதான். என் சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு வரப் போறேன். வருவாளா மாட்டாளாங்கிறது இந்த டப்பாவுலதான் இருக்கு.

நான் முத்திரை ஆய்வாளரா இருந்து ரிடையர் ஆனவன். கடையில தராசு இருக்குல்ல, எடைக்கல்லு, படி, மீட்டர் கோல், இதெல்லாம் சரியா இருக்கான்னு சோதிச்சு முத்திரை குத்துற உத்தியோகம். கடைக்காரர் நெத்தி நிறையத் திருநீறு பூசியிருப்பார், பேச்சு தேனா இருக்கும். எனக்கு அதெல்லாம் கணக்கே இல்ல. முள்ளு எங்க நிக்குதோ அதுதான் எடை. நாம பிரியப்படுறோம்கிறதுக்காக முள்ளு நகராது. அதனாலதான் முள்ளு மேல எனக்கு மரியாதை.

ஆனா இந்த சமுதாயம் இருக்கே, இதுக்கு முள்ளே வேண்டாம். எல்லாம் மனசுதான். எங்க தாழம்பூ நகர்ல ரெண்டு டாக்டர். ஒருத்தர் வெளிநாடு போய்ப் படிச்சுட்டு வந்தவர், பிரஷர் பார்க்கிறதுக்கே மூணு மெஷின் வெச்சிருக்கார். உக்காந்து ஈ ஓட்டுறார். இன்னொருத்தர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு ‘சாப்பாடு இறங்குதா?’ன்னு கேப்பார், அவ்வளவுதான். வாசல்ல செருப்பு வைக்க இடம் இருக்காது. கேட்டா கைராசியாம். ராசியை எந்தக் கருவியில அளக்கிறது? நான் நேராவே கேட்டிருக்கேன்.

நானா? நான் அந்தக் கைராசிக்காரர்கிட்டதான் போறேன். அது வேற விஷயம். வீட்டுக்குப் பக்கம்.

விஷயத்துக்கு வரேன். எங்க நகர்ல குடியிருப்போர் சங்கம் ஒண்ணு இருக்கு. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பெண்களுக்கு அதிரசப் போட்டி. போன வருஷம் நாலு பேர் தின்னு பார்த்து மார்க் போட்டாங்க. முதல் பரிசு செக்ரட்டரி பெலிக்ஸ் சாரோட சம்சாரத்துக்கு. வந்தது வினை. ‘நாக்கை விலைக்கு வாங்கிட்டார்’னு ஒருத்தர் சொல்ல, ‘உங்க வீட்டு அதிரசத்தைத் தின்ன நாக்கு இன்னும் ஆஸ்பத்திரியில இருக்கு’ன்னு இவர் சொல்ல, ரெண்டு குடும்பத்துக்கு இன்னிக்கு வரைக்கும் பேச்சு கிடையாது. அதனால இந்த வருஷம் பெலிக்ஸ் சாரே என் வீடு தேடி வந்தார். ‘அண்ணே, நடுநிலைன்னா நம்ம நகர்ல நீங்க ஒருத்தர்தான். இந்தப் பழியில இருந்து என்னைக் காப்பாத்துங்க’ன்னார்.

உண்மையைச் சொன்னார். நான் ஒத்துக்கிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். யாரும் தின்னு பார்க்கக் கூடாது.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? யோசிச்சுப் பாருங்க. உங்க நாக்குக்கு இனிப்பா இருக்கிறது எனக்குத் திகட்டும். காபி குடிச்சுட்டுத் தின்னா ஒரு ருசி, பசியில தின்னா ஒரு ருசி. காலையில வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தவனுக்கு எல்லாமே கசக்கும். இதை வெச்சு ஒரு பொம்பளையோட உழைப்புக்கு மார்க் போடலாமா? அநியாயம் இல்லையா? அதனால அளந்து பார்த்தேன். வட்டம் சரியா இருக்கா, அதுக்கு வெர்னியர், இம்மி வித்தியாசத்தையும் காட்டுற அளவுகோல். இதோ சட்டைப் பையிலயே இருக்கு பாருங்க. கனம் ஒரே மாதிரி இருக்கா, அதுக்கும் வெர்னியர். எண்ணெய் குடிச்சிருக்கா, அதுக்குப் பேப்பர் மேல வெச்சுக் கறையோட அகலம். உறுதியா இருக்கா, அதுக்கு மேல எடைக்கல்லை ஒண்ணொண்ணா அடுக்கி எதுல உடையுதுன்னு பார்க்கிறது. தட்டுல பேர் கிடையாது, நம்பர்தான். இதைவிட நியாயமா ஒரு போட்டி நடத்த முடியுமா?

தெய்வானை, என் சம்சாரம், முதல்லயே கேட்டா. ‘நானும் சுட்டுக் கொண்டாரட்டுமா, இல்ல ஜட்ஜு வீடுன்னு ஒதுங்கிக்கட்டுமா?’ தாராளமா வான்னேன். நம்பர் போட்டாச்சு, எது யாருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

தெரிஞ்சுபோச்சு. அது என் தப்பு இல்ல. தட்டைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அவளுக்கு இடது கை மோதிர விரல் கொஞ்சம் கோணல். கல்யாணமான புதுசுல ஜீப் கதவுல நசுங்கினது. கதவைச் சாத்தினது நான்தான். வாழையிலையில மாவை வெச்சு அவ தட்டும்போது ஓரத்துல ஒரு இடத்துல மட்டும் அந்த விரல் சாய்வாப் பதியும். சின்னதா ஒரு குழி. வேற யார் கண்ணுக்கும் தெரியாது. வெர்னியர்ல கூட வராது, அவ்வளவு சின்னது. எனக்கு அந்தத் தட்டு மட்டும் தனியாத் தெரிஞ்சுது.

தெரிஞ்சதும் என்ன பண்ணினேன்னு கேளுங்க. அவ மார்க்குல ஒண்ணைக் குறைச்சேன். சொந்தக்காரி இல்லையா? மனசு அறியாமக் கூடப் போட்டிருக்கலாம். அதை ஈடு கட்டணும்ல? இதுக்குப் பேர்தான் நடுநிலை.

அந்த ஒண்ணைக் குறைக்கலைன்னாலும் அவதான் கடைசி. அதையும் சொல்லிடறேன், உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது. வட்டம் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. நடுவுல கனம், ஓரத்துல மெலிசு. உறுதியில சுத்தமா சைபர். முதல் எடைக்கல்லை வெச்சேன், அப்படியே அமுங்கி உள்ள போயிருச்சு, மெத்தையில வெச்ச மாதிரி.

இருங்க, வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. சீலை லேசா எடுக்கிறேன். எடுத்தா என்ன, திரும்ப ஒட்டிக்கலாம், டேப்பு இருக்கு. மச்சான் வீட்டுல போய் அவ முன்னாடி அளந்து காட்டத்தான் எடுத்துட்டுப் போறேன். டப்பா நிறைய இருக்கு, ஒண்ணு குறைஞ்சா ஒண்ணும் ஆகாது. பார்த்தீங்களா, ஓரம் எவ்வளவு மெலிசு? தொட்டதும் விண்டுபோச்சு. விண்டது சோதனைக்கு ஆகாது. நீங்க பாதி எடுத்துக்குங்க. பாதியை நான்... உள்ள திரும்ப வைக்க முடியாதுல்ல.

எப்படி இருக்குன்னு நான் கேக்கல. உங்க முகம் எதுக்கு இப்படி ஆகுது? நான் கேக்கவே இல்ல.

முதல் பரிசு யாருக்குன்னா, மாடி வீட்டு மருமக நிவேதிதாவுக்கு. கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பார்க்கிற பொண்ணு. அது கொண்டு வந்த அதிரசத்தைப் பார்க்கணுமே நீங்க. எல்லாம் ஒரே வட்டம், ஒரே கனம். பேப்பர்ல கறையே இல்ல. எடைக்கல் அத்தனையும் ஏத்திட்டேன், அசையல. கூட்டத்துல யாரோ, ‘இதை வெச்சு மாடியில இன்னொரு ரூம் எடுக்கலாம் சார்’னாங்க. நான் கண்டுக்கல. முழு மார்க் போட்டேன்.

அப்புறம் எல்லாத் தட்டையும் மேஜையில வெச்சு, எடுத்துச் சாப்பிடுங்கன்னு விட்டாங்க. தெய்வானை தட்டுல நான் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள ஒண்ணும் இல்ல. பெலிக்ஸ் சார் சம்சாரம் முந்தானையில ரெண்டு முடிஞ்சுக்கிட்டதை நானே பார்த்தேன். முதல் பரிசுத் தட்டு அப்படியே இருந்துச்சு. ஒருத்தர் கடிச்சுப் பார்த்துட்டு, பல்லைத் தடவிப் பார்த்துக்கிட்டார். கடைசியில அதை நாய்க்குப் போட்டாங்களாம், மோந்து பார்த்துட்டுப் போயிருச்சாம். என்கிட்ட வந்து ஒரு வெற்றியா இதைச் சொல்றாங்க. நாய்க்கு என்னம்மா தெரியும் அளவு பத்தி?

அப்பத்தான் நிவேதிதா கொண்டு வந்த டப்பாவுக்கு அடியில ஸ்வீட் கடை ஸ்டிக்கர் இருக்கிறதை யாரோ கண்டுபிடிச்சுக் கத்தினாங்க. கடையில மெஷின்ல தட்டின சரக்கு. ஒரே கலாட்டா. நிவேதிதா அசரவே இல்ல. ‘அங்கிள், வீட்டுலதான் சுடணும்னு ரூல்ஸ்ல எங்க இருக்கு?’ன்னு கேட்டுது. எடுத்துப் பார்த்தேன். இல்ல. எழுதினது நான்தான், எழுதல. பரிசு பரிசுதான்னு சொல்லிட்டேன். நூறு பேர் கத்துறாங்கங்கிறதுக்காக விதியை மாத்த முடியுமா? அந்தக் கூட்டத்துலயே விதியைப் படிச்சுட்டு வந்தது அந்தப் பொண்ணு ஒண்ணுதான்.

தெய்வானை அங்க நிக்கல. தட்டைக் கழுவி எடுத்துக்கிட்டு வந்துட்டா. வீட்டுக்கு வந்து கேட்டா, ‘கடைசிங்கிறது இருக்கட்டும். நல்லா இருந்துச்சா?’

நான் என்ன சொல்றது? நான் தின்னலையே. தின்னாத ஒண்ணைப் பத்தி எப்படி அபிப்பிராயம் சொல்றது? ‘வட்டத்துல கவனம் வேணும்’னேன். நல்ல எண்ணத்துலதான் சொன்னேன், அடுத்த வருஷத்துக்கு உதவும்.

‘வட்டத்தை விடுங்க. இத்தனை வருஷமா தீபாவளிக்குத் தீபாவளி திங்கிறீங்களே, ஒரு தடவையாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா?’

சொல்லியிருக்கேம்மா. ‘சரியா இருக்கு’ன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! எங்க உத்தியோகத்துல அதுக்கு மேல ஒரு வார்த்தையே கிடையாது. ஒரு தராசைப் பார்த்து ‘சரியா இருக்கு’ன்னு சொன்னா அந்தக் கடைக்காரர் வீட்டுல அன்னிக்குப் பாயசம். இதை அவகிட்டச் சொன்னேன். அதுக்கு அவ சொல்றா: ‘உங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதுலயும் முத்திரை குத்தியாச்சா?’

ஏன் கண்டக்டர் சார், எட்டிப் பார்க்கிறீங்க? வாசனையா? மாத்தூர் தாண்டுறதுக்குள்ள உங்களுக்கு மூக்குல வேர்த்துடுச்சே. எடுத்துக்குங்க. இல்ல, அது முழுசு, அது சான்று. இந்த விண்டதை எடுத்துக்குங்க. பஸ் குலுங்குற குலுங்கல்ல இதுவும் விண்டுபோச்சு, இந்தா இதுவும். நானே எத்தனையைத் திங்கிறது?

என்ன சார் கண்ணை மூடிட்டீங்க, டிக்கெட் போடணும்ல? யார் சுட்டதா? என் சம்சாரம். போட்டியில கடைசி. ஆமா, கடைசிதான்.

கேட்டீங்களாம்மா? ‘அப்ப முதல் பரிசை என்கிட்டக் காட்டிடாதீங்க சார், பஸ்ஸை ஓரங்கட்டிட்டு அந்த வீட்டுக்கே போயிடுவேன்’ங்கிறார். இதுதான் நான் சொல்றது. ஒரு வாய் போட்டதும் தீர்ப்பு எழுதிட்டார். எண்ணெய் எவ்வளவு, கனம் எவ்வளவு, ஒரு கேள்வி? இப்படித்தாம்மா இந்த நாட்டுல எல்லாமே முடிவாகுது.

சீல் வெச்ச கதைக்கு வரேன். வீட்டுல மிச்சம் இருந்த அதிரசத்தை அவ இந்த டப்பாவுல போட்டு எப்பவும் போல அடுப்பங்கரை அலமாரியில வெச்சா. வழக்கமா சாயங்காலம் காபியோட நான் ரெண்டு எடுப்பேன். இந்த வருஷம் எடுக்கல. ஏன்னா மறுநாளே பெலிக்ஸ் சார், ‘மறு அளவு எடுக்கணும்னு சில பேர் சொல்றாங்கண்ணே’ன்னார். மறு அளவுன்னா மாதிரி வேணும். மாதிரின்னா சீல் வைக்கணும். உத்தியோகத்துல அப்படித்தான், சந்தேகம்னு வந்த பொருளை அதே இடத்துல கட்டி, ஒட்டிக் கையெழுத்துப் போட்டுடணும். நான் செஞ்சது அவளோட பாதுகாப்புக்காகத்தான். நாளைக்கு யாராவது ‘நீ நல்லதாப் பார்த்து மாத்தி வெச்சுட்டே’ன்னு அவளைச் சொல்லிடக் கூடாதுல்ல?

காலையில காபித்தூள் எடுக்க அலமாரிப் பக்கம் போனவ, டப்பாவைப் பார்த்துட்டு அப்படியே நின்னா. ‘நான் சுட்ட பண்டத்துக்குச் சீல் வெச்ச மனுஷன் நீங்கதான்’னா. கத்தல. கத்தியிருந்தாத் தேவலை. தீபாவளி முடிஞ்சதும், தம்பி வீட்டுல சஷ்டிக்குக் கூப்பிட்டாங்கன்னு பையை எடுத்துக்கிட்டுப் புதுக்கோட்டைக்கு வந்தவதான். சஷ்டி முடிஞ்சுது, கல்யாணமும் முடிஞ்சுது. முருகனுக்குத்தாம்மா, வேற யாருக்கு? சாமியே குடும்பம் நடத்த ஆரம்பிச்சாச்சு, இவ வரல.

போன் பண்ணினா எடுக்கிறா, அதெல்லாம் எடுக்கிறா. மாத்திரை போட்டீங்களான்னு கேக்க மாட்டா, சாப்பிட்டீங்களான்னு கேக்க மாட்டா. ஒரே கேள்விதான். ‘டப்பா காலியாச்சா?’ நானும் ஒவ்வொரு தடவையும் தைரியம் சொல்றேன்: ‘கவலைப்படாதே, ஒண்ணு கூடக் குறையல, சீல் அப்படியே இருக்கு.’ உடனே போனை வெச்சுடறா. அவளுக்கு என்மேல நம்பிக்கை இல்ல பாருங்க. சான்றை அழிச்சுடுவேன்னு பயம்.

அதனாலதான் நேர்லயே கொண்டு போறேன். மச்சான் சொக்கலிங்கம், அவளோட தம்பி, கணக்கு வாத்தியார், புரிஞ்சுக்கிறவர். அவர் முன்னாடி டப்பாவைத் திறந்து, வெர்னியரை அவ கையிலயே குடுத்து, நீயே அளந்து பாருன்னு சொல்லப் போறேன். தன் கையால அளந்தாச் சமாதானம் ஆயிடுவா. கடைசின்னு அவளே ஒத்துக்கிட்டா அப்புறம் கோவத்துக்கு என்ன இருக்கு? அடுத்த பஸ்ல கூட்டிக்கிட்டு வந்துடுவேன். வீடு வீடாவே இல்லம்மா. சமையல் நான்தான் பண்றேன். எல்லாத்தையும் அளந்துதான் போடறேன், உப்பு இத்தனை, புளி இத்தனைன்னு. சரியாத்தான் இருக்கு. சாப்பிடத்தான் முடியல.

அந்த முன் சீட்டுக் குழந்தை பார்த்துக்கிட்டே இருக்கு. இந்தா பாப்பா. முழுசா வேண்டாம், அது... சரி, இந்தா, முழுசே எடுத்துக்க. நானும் இந்த விண்ட பாதியை முடிச்சுடறேன், கையெல்லாம் பிசுபிசுங்குது.

கல்யாணமா? அதை ஏன் கேக்கிறீங்க? பொண்ணு பார்க்கும்போதும் நான் முறையாத்தான் பார்த்தேன். ரெண்டு ஜாதகம் வந்துச்சு. கீரனூர்ப் பொண்ணு படிப்புல ஒசத்தி, உயரம் பொருத்தம், ஜாதகத்துல எல்லாப் பொருத்தமும் இருந்துச்சு. எந்தக் கணக்குல பார்த்தாலும் அதுதான். தெய்வானைக்குப் பாதிப் பொருத்தம் கூட இல்லைன்னு ஜோசியர் சொன்னார். எங்க அப்பா கீரனூர்லயே முடிச்சுடலாம்னார். நான் தெய்வானைன்னேன். ஏன்னா... அவ காபி டம்ளரை நீட்டும்போது, எங்க பெரியப்பா மூக்குக் கண்ணாடி காபியில விழுந்துச்சு. எல்லாரும் பதறினாங்க. இவ மட்டும் சிரிப்பை அடக்க முடியாம உள்ள ஓடினா. சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தம் கேட்டுது. அதான். அவ்வளவுதான். அந்த ஒரு விஷயத்துல நான் கணக்கு எதுவும் போடல.

அது வேற விஷயம். அதை இதோட சேர்க்கக் கூடாது.

கீரனூர் எப்பவோ தாண்டிருச்சா? பார்க்கவே இல்ல. புதுக்கோட்டை லைட்டெல்லாம் தெரியுதே. சரி, டேப்பை எடுப்போம். இறங்குறதுக்கு முன்னாடி சீலைத் திரும்ப ஒட்டிடணும், அவ பார்க்கும்போது ஒழுங்கா இருக்கணும். மூடி எங்க? இந்தா இருக்கு.

என்னம்மா இது?

ஒண்ணும் இல்ல. அடியில எண்ணெய்ப் பேப்பரும் நாலு எள்ளும்தான் இருக்கு. எப்படி? உங்களுக்குப் பாதி. கண்டக்டர் எடுத்தது விண்டது. குழந்தைக்கு ஒண்ணு. மீதி? டப்பா நிறைய இருந்துச்சும்மா, நீங்களே பார்த்தீங்கல்ல? கீழே விழுந்திருக்குமா? காலுக்கடியில கொஞ்சம் பாருங்க. ஏன் என் சட்டையைக் காட்டுறீங்க? சட்டையில என்ன இருக்கு?

அட.

இனிமே எதை வெச்சு நான் நிரூபிக்கிறது? ஏம்மா, பேசிக்கிட்டே இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீங்க? பார்த்துக்கிட்டே இருந்தீங்களா?

இருங்க, போன் அடிக்குது. அவதான். நான் வர்றது எப்படித் தெரியும்? மச்சான் சொல்லியிருப்பார்.

ஹலோ. ஆமா, நான்தான். பஸ் ஸ்டாண்டுக்குள்ள திரும்புது... என்ன? ஆமா, டப்பா கையிலதான் இருக்கு... அதைக் கேக்கிறியா. அது வந்து... காலி. ஆமாம்மா, காலின்னேன். ஒண்ணு கூட இல்ல. நான் வேணும்னு செய்யல தெய்வானை, பஸ் குலுங்கிச்சு, விண்டது விண்டதா... ஹலோ? ஹலோ, இருக்கியா?

என்னது? எப்படி இருந்துச்சா?

...அளவு குறைவு. ஆமா, அளவு குறைவுன்னேன். திருச்சியில இருந்து புதுக்கோட்டை வரைக்கும் காணல. ஒரு டப்பா எப்படிப் பத்தும்?

ஹலோ? ஹலோ?

வெச்சுட்டா போல. இல்ல, வெக்கல. போனைக் கொஞ்சம் உங்க காதுல வெச்சுக் கேளுங்கம்மா. சிரிக்கிறாதானே அது? அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எதுக்குச் சிரிக்கிறா? நான் புகார்தானே சொன்னேன்?